நத்தை விஷத்துக்கும் நோய்ப் பரிசோதனைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி இதுதான்: "கூம்பு நத்தையின் விஷத்தை ஆராய்ந்த பிலிப்பைன்ஸ் விஞ்ஞானி ஒருவருடைய கண்டுபிடிப்பு தொற்றுநோய்களைக் கண்டறியவும் உதவியது என்று எங்கோ படித்தேன். நத்தை விஷத்தை வைத்துக் கிருமியை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ராமேஸ்வரத்தில் வாங்கிய கூம்பு ஓடு ஒன்று வீட்டில் இருக்கிறது. மகள் அதை வைத்து விளையாடுகிறாள். ஆபத்து உண்டா?"

வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வெறும் ஓட்டால் ஆபத்து இல்லை. விஷம் இருந்தது ஓட்டில் அல்ல, உள்ளே குடியிருந்த நத்தையில். அது என்றோ போய்விட்டது. உயிரோடு இருப்பதைக் கையில் எடுப்பது வேறு கதை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அடுத்தது விஷம். மருத்துவமனைகளில் வழக்கமாக நடக்கும் தொற்றுநோய்ப் பரிசோதனை எதிலும் நத்தை விஷம் கிடையாது. நீங்கள் படித்தது ஒரே மனிதரின் இரண்டு வேலைகளை ஒரே வரியில் அடைத்த செய்தியாகத்தான் இருக்க வேண்டும். அந்த மனிதர் பால்டோமெரோ ஒலிவெரா. நத்தையிடம் போவதற்கு முன்பே அவர் டிஎன்ஏ பக்கம் ஒரு முக்கியமான கண்டுபிடிப்பில் பங்கு பெற்றிருந்தார். கிருமியைக் கண்டறிவதற்கு உதவியது அதுதான். நத்தை விஷமும் ஒரு நோயைக் கண்டறிய உதவுகிறது, ஆனால் அது தொற்றுநோய் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

ஒலிவெரா 1941-இல் மணிலாவில் பிறந்தவர். அமெரிக்காவில் கால்டெக்கில் முனைவர் பட்டம். பிறகு ஸ்டான்ஃபோர்டில் லேமன் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அறுபதுகளின் நடுப்பகுதி அது. டிஎன்ஏ இழை அறுந்தால் செல் அதை எப்படி ஒட்டுகிறது என்பது அப்போது பெரிய கேள்வி. 1967-இல் நான்கைந்து ஆய்வகங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் ஒட்டும் நொதியைப் பிடித்தன. அதற்கு லைகேஸ் என்று பெயர். ஈ. கோலை பாக்டீரியாவில் அதைக் கண்ட குழுக்களில் ஒன்று லேமனும் ஒலிவெராவும். அந்த நொதி வேலை செய்ய என்ஏடி என்ற சிறிய மூலக்கூறு துணைக்கு வேண்டும் என்று காட்டியவர்களில் இவர்களும் உண்டு. இந்த என்ஏடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அப்புறம் அவர் ஊர் திரும்பினார். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் வேலை. டிஎன்ஏ ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவி எதுவும் அங்கே இல்லை. இப்படி ஊர் திரும்பிய பலர் கருவிக்கு மனுப் போட்டே காலத்தை ஓட்டிவிடுவார்கள். இவர் கேள்வியை மாற்றிக்கொண்டார். கருவி இல்லாமல், ஆனால் பிலிப்பைன்ஸில் மட்டும் சுலபமாகச் செய்யக்கூடிய வேலை எது? சின்ன வயதிலிருந்தே கிளிஞ்சல் சேர்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கோனஸ் ஜியோகிராபஸ் என்ற கூம்பு நத்தை மனிதனையே கொன்றுவிடும் என்பதும் தெரியும். பிலிப்பைன்ஸ் கடலில் அதற்குப் பஞ்சமில்லை.

கூட்டுச் சேர்ந்தவர் லூர்தெஸ் குரூஸ். உயிர்வேதியியலாளர், அயோவாவில் முனைவர் பட்டம் பெற்றவர், அதே பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பாதிப்பேர் இவர் பெயரை விட்டுவிடுகிறார்கள். விஷத்தின் கூறுகளைப் பிரித்தெடுத்த வேலையில் பெரும்பங்கு இவருடையது. 2006-இல் பிலிப்பைன்ஸ் அரசு இவருக்குத் தேசிய விஞ்ஞானி என்ற பட்டம் தந்தது.

அவர்கள் தொடக்கத்தில் வைத்திருந்த சோதனை முறை எனக்கு மிகவும் பிடித்தது. விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. விஷத்தின் ஒரு பகுதியை எலியின் வயிற்றில் ஊசி போட்டு, எலியைக் கம்பிவலையில் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். எலி நான்கு காலாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும். விஷம் தசையை முடக்கினால் பிடி தளர்ந்து கீழே விழும். எவ்வளவு நேரத்தில் விழுந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். விஷத்தில் எந்தப் பகுதி முடக்குகிறது என்பதை இந்த எளிய வழியில் தேடிப் போனார்கள். கிடைத்தவை மிகச் சிறிய புரதத் துண்டுகள். பெரும்பாலும் பத்திலிருந்து முப்பது அமினோ அமிலங்கள், நடுவில் கந்தகப் பிணைப்புகள் போட்டு இறுக்கிக் கட்டியவை. இவைதான் கோனோடாக்சின்கள்.

1970 வாக்கில் ஒலிவெரா அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அருகில் கடலே இல்லாத மாநிலம். டிஎன்ஏ வேலையை அங்கேயும் விடவில்லை. நத்தை வேலை பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கேதான் கிரெய்க் கிளார்க் என்ற இளநிலை மாணவர் ஒரு யோசனை சொன்னார்: விஷத்தை வயிற்றில் ஏன் போடுகிறீர்கள், நேரே மூளையில் போட்டுப் பார்க்கலாமே? ஒலிவெராவுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் செய்யச் சொன்னார். விஷத்தை ஒவ்வொரு கூறாகப் பிரித்துப் போட்டபோது ஒவ்வொன்றும் எலியை ஒவ்வொரு மாதிரி ஆட்டிவைத்தது. ஒன்று தூங்கவைத்தது, ஒன்று சொறியவைத்தது, ஒன்று நடுங்கவைத்தது. தூங்கவைத்த கூறில் இன்னொரு வேடிக்கை. இரண்டு வாரம்கூட ஆகாத குட்டி எலிகள் தூங்கின. அதையே பெரிய எலிக்குப் போட்டால் நிலைகொள்ளாமல் ஓடியது.

அதுவரை விஷம் என்றால் முடக்கும், கொல்லும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தார்கள். ஒரே துளியில் இத்தனை வேறு வேறு சாமான்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நரம்பு மண்டலத்தில் ஒவ்வொரு இடத்தைத் தேடிப் போகிறது என்பது இந்த மாணவர் செய்த சோதனையில்தான் தெளிவாயிற்று.

இதை நத்தையின் பக்கம் இருந்து பார்க்க வேண்டும். நத்தைக்கு ஓட முடியாது, மீனுக்கு முடியும். கோனஸ் மேகஸ் போன்ற மீன் பிடிக்கும் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். துதிக்கை மாதிரி ஒரு குழாயை மெல்ல நீட்டும். அதன் நுனியில் ஒரு பல். பல் என்றால் கடிக்கும் பல் அல்ல, உள்ளே துளையுள்ள, முள் வைத்த ஒரு குட்டி ஈட்டி. ஒரு ஈட்டி ஒரு முறைக்குத்தான். உள்ளே பையில் ஸ்டாக் இருக்கும். மீன் மேலே குத்தியதும் விஷம் இறங்கும். ஓரிரு விநாடியில் மீன் மின்சாரம் பாய்ந்ததுபோல் விறைத்துவிடும். அப்படியே குழாயோடு இழுத்து வாய்க்குள் போட்டுக்கொள்ளும்.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. நரம்புச் செல்லின் சுவரில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஒவ்வொன்றும் போய்வரத் தனித்தனி வாயில்கள் உண்டு, அவை திறந்து மூடுவதில்தான் செய்தி ஓடுகிறது. முதலில் போகும் கூறுகள் நரம்பின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன, பொட்டாசியம் வாயில்களை அடைத்துவிடுகின்றன. நரம்பு முழுக்க ஒரே நேரத்தில் கொதித்து மீன் விறைக்கிறது. இரண்டாவது தொகுதி நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியை அறுக்கிறது. விறைப்பு நீங்கினாலும் மீன் அசைய முடியாது. இந்தத் தொகுதிகளுக்கு ஒலிவெரா வைத்த பெயரைத் தமிழில் சதிக்கூட்டம் என்று சொல்லலாம். பொருத்தமான பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, எல்லோருக்கும் ஒரே நோக்கம்.

சதி பலிக்க வேண்டுமானால் ஒவ்வொரு கூறும் தன் இலக்கைத் தவறாமல் பிடிக்க வேண்டும். கால்சியம் வாயில் என்றால் ஒரே வாயில் அல்ல. என் (N) வகை, பி (P) வகை, எல் (L) வகை என்று பல உண்டு, பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். கோனோடாக்சின் ஒன்று அதில் ஒரு வகையை மட்டும் பிடிக்கும், பக்கத்தில் இருப்பதைத் தொடாது. மருந்துக்கு வேண்டியது இதுதான். பரிசோதனைக்கு வேண்டியதும் இதுதான். நத்தை விஷத்தின் மதிப்பு அது கொல்லும் வேகத்தில் இல்லை, ஆள் மாறாமல் பிடிப்பதில் இருக்கிறது.

மருந்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இது பலருக்கும் தெரிந்த பகுதி. பள்ளி முடித்த கையோடு பதினெட்டு வயதில் ஒலிவெராவின் ஆய்வகத்துக்கு வந்தவர் மைக்கேல் மெக்கின்டாஷ். கோனஸ் மேகஸ் விஷத்திலிருந்து எலியை நடுங்கவைத்த கூறைப் பிரித்தெடுத்தார். 25 அமினோ அமிலம், மூன்று கந்தகப் பிணைப்பு. அது என் வகைக் கால்சியம் வாயிலை அடைக்கிறது என்று பின்னால் தெரிந்தது. வலிச் செய்தி தண்டுவடத்துக்குள் போகும் இடத்தில் இருப்பது அந்த வாயில்தான். 2004 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஸிகோனோடைட் என்ற வலி மருந்தாக அனுமதித்தது. வணிகப் பெயர் பிரியால்ட். நத்தையைப் பிழிந்து எடுப்பதில்லை, ஆய்வகத்தில் செய்கிறார்கள். ஆனால் அமினோ அமில வரிசை நத்தையில் இருந்த அதே வரிசை, ஒன்றுகூட மாற்றவில்லை. மார்ஃபினைப் போல அடிமையாக்காது. ஆனால் மாத்திரையாக விழுங்க முடியாது, பம்ப் வைத்துத் தண்டுவட நீரில் நேரே விட வேண்டும். குழப்பம், பிரமை போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. அதனால் வேறு எதற்கும் அடங்காத வலிக்குத்தான். "மார்ஃபினைவிட ஆயிரம் மடங்கு" என்ற தலைப்பைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம்.

இனி, விஷத்தை வைத்து நோயைக் கண்டறியும் இடம். லாம்பெர்ட்-ஈட்டன் என்று ஒரு நோய். தொடைத் தசை பலவீனம், நாற்காலியிலிருந்து எழவே கஷ்டம், வாய் உலர்வு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பு முனையில் உள்ள பி வகைக் கால்சியம் வாயிலைப் பகையென்று நினைத்து ஆன்டிபாடி தயாரித்துத் தாக்குகிறது. நோயாளிகளில் பாதிப்பேருக்கு நுரையீரலில் ஒருவகைப் புற்றுநோய் மறைந்திருக்கும் என்பதால் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

கோனஸ் மேகஸிலிருந்தே இன்னொரு கோனோடாக்சின் கிடைத்தது. அது பி வகை வாயிலை இறுகப் பிடிக்கும். அதில் கதிரியக்க அயோடினை ஒட்டி, மூளைத் திசுவிலிருந்து எடுத்த வாயில் புரதத்தோடு கலப்பார்கள். விஷம் போய் வாயிலில் உட்கார்ந்துகொள்ளும். இப்போது ஒவ்வொரு வாயிலும் ஒரு விளக்கு ஏற்றிவைத்த மாதிரி. இதில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் வாயிலைக் கட்டிப்பிடிக்கும். பிறகு மனித ஆன்டிபாடியை மட்டும் அடியில் படியவைத்து, படிவில் கதிரியக்கம் எவ்வளவு என்று எண்ணுவார்கள். எண்ணிக்கை கூடினால் ஆன்டிபாடி இருக்கிறது. விஷம் இங்கே யாரையும் குத்தவில்லை, அடையாளம் காட்டியதோடு சரி. இதே முறையில் கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் விஷத்தை வைத்து மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசை நோயைக் கண்டறிவது இதற்கும் முந்திய வழக்கம்.

ஆனால் லாம்பெர்ட்-ஈட்டன் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. சரி, தொற்றுநோய் எங்கே? அதற்கு 1967-க்குத் திரும்பிப் போக வேண்டும்.

ரயில் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை மேல் இரண்டு தண்டவாளத் துண்டுகள் நுனியோடு நுனி இடித்தபடி இருக்கின்றன. பற்றவைப்பவர் வந்து இணைக்கிறார். துண்டு கட்டையில் சரியாக உட்காராமல் விலகியிருந்தால் அவர் கை வைக்க மாட்டார். லைகேஸ் அந்தப் பற்றவைப்பவர். கட்டை என்பது கிருமியின் டிஎன்ஏ. தண்டவாளத் துண்டுகள் நாம் செய்து போடும் இரண்டு சிறிய டிஎன்ஏ துண்டுகள். இரண்டும் கிருமியின் டிஎன்ஏ மேல் எழுத்துக்கு எழுத்து பொருந்தி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் லைகேஸ் ஒட்டும். சேரும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து தப்பினாலும் ஒட்டுவது அரிது. ஆக, "ஒட்டியதா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால், "கிருமி இருக்கிறதா?" என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

ஒரு துண்டு ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாது, பெருக்க வேண்டும். பிசிஆர் மாதிரியே சூடாக்கிப் பிரித்து, ஆறவைத்து ஒட்டி, மறுபடி சூடாக்க வேண்டும். ஈ. கோலையின் லைகேஸ் அந்தச் சூட்டில் கெட்டுவிடும். 1991-இல் பிரான்சிஸ் பரானி வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் லைகேஸை வைத்து இந்தச் சுற்றை ஓட்டிக் காட்டினார். லைகேஸ் சங்கிலி வினை என்று பெயர். தொண்ணூறுகளில் இதே தத்துவத்தில் கிளமிடியா, கொனோரியா போன்ற பால்வினைத் தொற்றுகளுக்குச் சோதனைப் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. அதற்கு முன்பெல்லாம் பிறப்புறுப்புக்குள் பஞ்சுக் குச்சி விட்டுச் சோதனைக்கான மாதிரி எடுப்பார்கள், அதுவே பலரை மருத்துவமனைப் பக்கம் வரவிடாமல் செய்தது. இதற்குச் சிறுநீர் போதும். அந்த வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் லைகேஸுக்கும் துணை வேண்டும். அந்தத் துணை என்ஏடி. 1967-இல் ஒலிவெராவும் லேமனும் ஈ. கோலையில் காட்டிய அதே மூலக்கூறு.

அந்தச் சோதனைப் பெட்டிகள் பின்னால் சந்தையிலிருந்து போய்விட்டன, பிசிஆர் இடத்தைப் பிடித்தது. ஆனால் லைகேஸ் போகவில்லை. கொரோனா காலத்தில் டெல்டா, ஒமிக்ரான் என்று வகை பிரித்தார்கள் அல்லவா, அதற்கு வைரஸின் மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். படிக்கும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன் துண்டுகளின் நுனியில் ஒரு சிறிய வால் ஒட்டுவது பரவலான முறை. ஒட்டுவது லைகேஸ். அங்கே பெரும்பாலும் பயன்படுவது டி4 என்ற பாக்டீரியா வைரஸின் லைகேஸ். அது ஒலிவெராவின் ஈ. கோலை நொதி அல்ல, அதற்கு என்ஏடிக்குப் பதில் ஏடிபி என்ற வேறொரு மூலக்கூறு துணைக்கு வேண்டும். எல்லாப் பெருமையையும் ஒருவர் தலையில் கட்ட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். 1967 பலருடைய ஆண்டு.

நத்தை விஷத்துக்கும் தொற்றுநோய்க்கும் நேரடித் தொடர்பே இல்லையா என்றால், சிகிச்சைப் பக்கம் கொஞ்சம் உண்டு. மலேரியா கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் ரத்த நாளச் சுவரில் ஒட்டிக்கொள்வதுதான் மூளை மலேரியாவில் உயிரைக் குடிப்பது. பசிபிக் கடற்கரையின் கோனஸ் நக்ஸ் என்ற நத்தையின் விஷக் கூறுகள் அந்த ஒட்டலைக் குலைக்கின்றன என்று ஃப்ளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தார் ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். மருந்துக் கடைக்கு வர வெகுதூரம். அதை "நத்தை விஷம் மலேரியாவைக் குணப்படுத்தும்" என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள்.

இன்சுலினை விட்டுவிட மனமில்லை. மனிதனைக் கொல்லும் கோனஸ் ஜியோகிராபஸ் மீனை ஈட்டியால் மட்டும் பிடிப்பதில்லை, வாயை வலை மாதிரி விரித்து மீன் கூட்டத்தையே உள்ளே வாங்கும். அதற்கு முன் தண்ணீரில் இன்சுலினைக் கலந்துவிடுகிறது, மீன்களின் சர்க்கரை சரிந்து மந்தமாகிவிடுகின்றன என்று ஒலிவெராவோடு பணியாற்றிய ஹெலனா சஃபாவி 2015-இல் வெளியிட்டார். நம் இன்சுலின் ஆறு ஆறாகக் கூடிக்கொள்ளும், பிரிந்துதான் வேலை செய்யும். நத்தையின் இன்சுலினில் அந்தக் கூடவைக்கும் பகுதியே இல்லை, அதனால் உடனே வேலையைத் தொடங்குகிறது. வேகமாக வேலை செய்யும் ஊசி மருந்து தயாரிக்க அதை மாதிரியாக வைத்து முயல்கிறார்கள்.

நம் பக்கத்துக் கடலிலும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. எஸ். கிருஷ்ணனும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி. பலராமும் சேர்ந்த குழு, இந்தியாவின் தென்கிழக்குக் கரையில் எடுத்த கோனஸ் அமாடிஸ் நத்தையிலிருந்து ஒரு கோனோடாக்சினைப் பிரித்தது. அது சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடிக்கும் வகை. மேலே சொன்ன சதியின் முதல் கட்டத்து ஆள்.

இனி வாக்களித்தபடி உயிருள்ள நத்தை. மன்னார் வளைகுடாவில் கூம்பு நத்தைகள் பல வகை உண்டு. பெரும்பாலானவை புழு தின்பவை, குத்தினால் தேள் கொட்டிய அளவில் போகலாம். ஆனால் எது எந்த வகை என்று மணலில் நின்றுகொண்டு நம்மால் சொல்ல முடியாது. அழகான ஓடு, உள்ளே சதை தெரிகிறது என்றால் எடுக்காதீர்கள். அகலமான பக்கத்தைப் பிடித்தால் குத்தாது என்பது தவறான நம்பிக்கை, அந்தக் குழாய் ஓட்டின் எந்தப் பக்கத்துக்கும் வளைந்து வரும். பையில், சட்டைப் பாக்கெட்டில் போடுவது அதைவிட மோசம், துணியைத் துளைத்துக் குத்தும். ஜியோகிராபஸ் குத்தும்போது பெரிய வலிகூட இல்லாமல் இருக்கலாம். பிறகு உதடு மரத்து, பேச்சு குழறி, மூச்சுத் தசை நின்றுவிடும். இதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. குத்திய கையை அசைக்காமல் கட்டி, உடனே செயற்கைச் சுவாசம் தரக்கூடிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷத்தின் பிடி விடும்வரை மூச்சை ஓடவைத்தால் ஆள் பிழைத்துக்கொள்வார்.

உங்கள் வீட்டு ஓட்டை ஒருமுறை தண்ணீரில் நன்றாக அலசி, வாய்ப்பகுதியில் காய்ந்த சதை ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மகளிடமே கொடுங்கள். நுனி கூர்மையாக இருக்கும், கண்ணில் குத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும்.